கம்பெனி ஃபிட்டிங்

பூந்தமல்லி சாலையில் எனக்கு முன்னால் போகிற காரின் பின்விளக்கு கறுப்பாக இருந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஹாரன் அடிக்கிறேன். பக்கத்தில் போய், கண்ணாடியை இறக்கி, ஏதாவது சொல்லிவிட்டு வருகிறேன். ஒருமுறை குமணன்சாவடி சிக்னலில் ஒரு பையன், "உனுக்கு இன்னா அங்கிள் பிரச்சன? உன் வேலயப் பாத்துகினு போ" என்றான். நாற்பது வயதுகூட ஆகாத என்னை அங்கிள் என்றதில் வந்த கோபம் தனி. ஆனால் அவன் கேட்டது நியாயமான கேள்வி. சிக்னல் பச்சையாவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் ஒரு காலத்தில் பின்விளக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு திரிந்தவன்தான்.

ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு அடுக்குமாடியில் எங்கள் வீடு. கார் வாங்கிய புதிதில் கீழே நிறுத்தும் இடத்தில் அதே மாடலில், அதே வெள்ளை நிறத்தில் இன்னும் நான்கு கார்கள் நின்றன. என் மகள் ஒருநாள் மூன்றாம் மாடிக்காரரின் கார்க் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு படித்து, இவ்வளவு உழைத்து, கடைசியில் பெற்ற மகளுக்கே அடையாளம் தெரியாத கார். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது அது பெரிய மனக்குறை.

என் அலுவலகம் அம்பத்தூர் எஸ்டேட்டில். பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் கடை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கே போய் நின்றேன். கடைக்காரர் என் காரைச் சுற்றி வந்து, நோயாளியைப் பார்க்கிற டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"வண்டி சூப்பரா கீது சார். பின்னாடி மட்டும் கொஞ்சம் டம்மியா கீது. ஸ்மோக் பிலிம் ஒட்டிடலாமா? கெத்தா இருக்கும்."

சிவப்பு விளக்கின் மேல் கறுப்புத் தாளை விரித்து, சூட்டுக்காற்றை ஊதி ஊதி ஒட்டினார். அரை மணி நேரத்தில் என் பின்விளக்குகள் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டன. வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டேன். "தெர்து சார், தெர்து. நைட்ல சும்மா தகதகனு தெரியும்" என்றார். நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை. அவர் சொன்னதே போதுமாக இருந்தது. புறப்படும்போதுதான் ஒரு பயம் வந்து, போலீஸ் பிடித்தால் என்ன சொல்வது என்று கேட்டேன்.

"கம்பெனி பிட்டிங்னு சொல்லு சார். அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

எந்தப் போலீஸும் கேட்கவில்லை. கேட்டது என் அப்பா.

அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. வண்டி வெளியே போகுமுன் ஒவ்வொரு விளக்கையும் எரியவிட்டு, அணைத்து, மறுபடி எரியவிட்டுப் பார்த்து முத்திரை குத்துகிற வேலை. குவார்ட்டர்ஸை விட்டு வந்த பிறகு நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அங்கேயும் அந்தப் புத்தி போகவில்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார்.

என் விளக்குகளையும் பார்த்தார். விரலால் தட்டினார். "என்னடா இது, ராணுவ லாரி மாதிரி இருட்டா இருக்கு? அதுலதான் எதிரி கண்ணுல படக் கூடாதுன்னு மறைச்சு வெப்போம். உனக்கு எவன் எதிரி?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் இரண்டு திட்டு திட்டிவிட்டு, அங்கேயே நகத்தால் சுரண்டி எடுத்திருப்பார். "கம்பெனி ஃபிட்டிங்ப்பா, இந்த மாடல்ல இப்படித்தான் வருது" என்றேன். போலீசுக்கென்று வைத்திருந்த பொய்யை அப்பாவிடம் செலவழித்தேன்.

அவர் உடனே நிமிர்ந்துவிட்டார். "கம்பெனியிலேயே விட்டிருக்கானா? அப்ப டெஸ்ட் பண்ணித்தான் விட்டிருப்பான்."

தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கே வருகிற நம்பிக்கை அது. எந்தப் பொருளுக்குப் பின்னாலும் தன்னைப் போல ஒருவன் குனிந்து நின்று பார்த்திருப்பான் என்று அவர் நினைத்தார்.

அப்பாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர், பக்கத்துப் பட்டாபிராமில் பிறந்து வளர்ந்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். ஓய்வுக்குப் பிறகு தினமும் காலையில் இருவரும் ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் டீ குடித்து, ஊர்க்கதை பேசி, வெயில் ஏறியதும் பிரிவார்கள்.

ஆயுத பூஜை அன்று மட்டும் தொழிற்சாலைக்குள் குடும்பங்களை விடுவார்கள். சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். எண்ணெய் வாசனைக்கு மேல் பன்னீர் வாசனை அடிக்கும். எல்லாப் பிரிவுகளுக்கும் அப்பாதான் சந்தனம் குழைப்பார், அவர்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் வைப்பார். அவர் கை ராசியான கை என்று பெயர். அவர் சந்தனம் வைத்த மெஷின் அந்த வருஷம் யார் விரலையும் எடுக்காது என்று நம்பினார்கள். மாமா பத்து விரலையும் விரித்து என்னிடம் காட்டுவார். "பாத்துக்க நைனா, பத்தும் பத்திரமா கீது. எல்லாம் உங்கப்பன் கையால வந்தது." அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே பட்டம் அது.

கார் வாங்கிய வருஷம் ஆயுத பூஜைக்கு நெமிலிச்சேரிக்குப் போனோம். அப்பா காலையிலேயே காரைக் கழுவி, சந்தனம் குழைத்து, ஸ்டியரிங், பானெட், நான்கு சக்கரம் என்று வைத்துக்கொண்டே பின்னால் வந்தார். பின்விளக்கு இரண்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். என் கறுப்புப் பளபளப்பு கெட்டுப்போகிறதே என்று எனக்கு எரிச்சல். "லைட்டுல வேண்டாம்ப்பா" என்றேன். "கண்ணுடா அது, அதை விட்டுட்டு எதுக்கு வெக்கிறது" என்றார். பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

அன்று சாயங்காலம் திருமழிசையில் பூஜை. அப்பா, மாமா இருவரோடும் வேலை பார்த்த ஒருவர் அங்கே தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தார். காரில் நான், மனைவி, மகள், அப்பா, அம்மா. இடமில்லாததால் மாமா தன் ஸ்கூட்டரில் வந்தார். பூஜை முடிந்து, பொரிகடலைப் பொட்டலத்தோடு வெளியே வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. இரண்டொரு தூறல் விழுந்தது.

"சர்வீஸ் ரோட்டுல லைட்டே இல்ல நைனா. நீ முன்னாடி போ, நான் உன் பின்னாலயே வந்துகினு இருக்கேன்" என்றார் மாமா.

"என் லைட்டைப் பார்த்துக்கிட்டே வாங்க மாமா" என்றேன்.

சொன்னது நான். வேறு யாரும் இல்லை. இந்த வாக்கியம் என் காதிலிருந்து போவதே இல்லை.

வெளிவட்டச் சாலையை ஒட்டிய அந்தச் சர்வீஸ் ரோட்டில் பாதி தூரம் வந்திருப்போம். தூறல் மழையாகியிருந்தது. இடது பக்கத்துப் புதரிலிருந்து ஒரு எருமை நிதானமாக ரோட்டில் ஏறியது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் கழித்துப் பின்னால் மடாரென்று சத்தம்.

மாமா ரோட்டோரத்தில் கிடந்தார். வலது கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. பொரி ரோடு முழுக்கச் சிதறி, மழையில் ஊறிக்கொண்டிருந்தது. நினைவு இருந்தது. அலறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "எரும போய்டுச்சா?" என்று கேட்டார். வண்டிகள் நின்றன, ஆட்கள் இறங்கினார்கள், யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். ஒரு லாரி டிரைவர் டார்ச்சை என் காரின் பின்புறம் அடித்தார். விளக்கின் ஓரங்களில் சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மீதி கரைந்து, குங்குமத்தோடு சேர்ந்து பம்பரில் வழிந்திருந்தது.

"இன்னாபா இது? லைட்டு மேலயே இப்டி சந்தனத்த அப்பிகினு வந்தா பின்னாடி வர்றவனுக்கு எப்டிப்பா தெரியும்?"

அப்பா மழையில் நின்றுகொண்டிருந்தார். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணில் காலைச் சந்தனம் இருந்தது.

நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது என்றுகூட ஞாபகம். போலீஸ், இன்சூரன்ஸ், கேஸ் என்று மூன்று வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன, வாய் மூடிக்கொண்டது. அப்பாவுக்கு என்ன, சந்தனம்தானே, யாரோ வழியில் போகிறவன் சொன்னது, இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போலீஸ் வந்து மழை, எருமை என்று எழுதிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் மாமாவை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் மனைவி வந்தார். விஷயம் அதற்குள் அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நேராக அப்பாவிடம் போனார்.

"பூஜ பண்றேன் பூஜ பண்றேன்னு லைட்ட மூடி, எம் புருஷன் கால ஒடிச்சிட்டியேண்ணா. உன் கை ராசியான கைன்னு முப்பது வருசமா பீத்திகினு இருந்தாரே அந்த மனுசன்!"

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். நான் இரண்டடி தள்ளி, மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல நின்றேன்.

மறுநாள் காலையில் அடுக்குமாடிக்குக் கீழே, மனைவியின் ஹேர் டிரையரை நீளமான வயரில் மாட்டி, அந்தக் கறுப்புத் தாளைச் சூடாக்கி உரித்தேன். பால் ஆடை மாதிரி சுருண்டு வந்தது. மனைவி படியில் நின்று பார்த்தாள். "உங்க அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன். உரித்த தாளை எங்கள் வீட்டுக் குப்பையில்கூடப் போடவில்லை, அலுவலகம் போகிற வழியில் போரூரில் ஒரு குப்பைத்தொட்டியில் எறிந்தேன். விரிசல் விட்ட வலது விளக்கை மாற்றினேன். அடுத்த முறை நெமிலிச்சேரிக்குப் போனபோது அப்பா கேட்காமலே, "இடிச்சதுல லைட்டு ரெண்டையும் மாத்திட்டேன்ப்பா, இது வேற மாதிரி" என்றேன். அவர் காரின் பின்பக்கம் போகவே இல்லை.

இரண்டு வருஷம் போனது. மாமாவின் காலில் கம்பி வைத்தார்கள். கோலூன்றி வீட்டுக்குள் நடந்தார். மூன்று தெரு தள்ளித்தான் வீடு. அப்பா ஒரு தடவைகூடப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று அம்மாவிடம் சொன்னாராம். காலை டீக்கடையையும் விட்டுவிட்டார். கடையில் தெரிந்தவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்குமே. பகலெல்லாம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார், என்ன ஓடுகிறதென்று கேட்டால் அவருக்குத் தெரியாது. நான் ஞாயிறுதோறும் பழம் வாங்கிக்கொண்டு போய் அப்பாவைப் பார்த்தேன், மாமா வீட்டுப் பக்கம் நானும் போகவில்லை. நல்ல பிள்ளை என்று தெருவில் பெயர்.

என் மனைவி மாதத்துக்கு ஒருமுறை, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததே தேவலை என்றாகிவிட்டது.

விபத்துக்கு அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார். அதற்கடுத்த வருஷம், மகள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். தொழிற்சாலையிலிருந்து விடைபெற்று வந்தபோது கொண்டுவந்த ஒரு பழைய அளவுகோலைக்கூட அவர் அன்று பூஜையில் வைக்கவில்லை. எழுந்து வந்தார். ஆனால் கையில் ஈரத்துணி. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாகக் காரின் பின்னால் போய், ஒன்றுமே இல்லாத விளக்குகளை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"சந்தனம் வைங்க தாத்தா" என்றாள் மகள்.

"அப்பாவை வெக்கச் சொல்லும்மா. தாத்தா கை ஆகாத கை."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே மாமா வீட்டுக்கு நடந்தேன். பூஜை முடியட்டும் என்று அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. நின்றால் திரும்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

மாமா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அன்னைக்கு என் லைட்டு..." என்றேன். அதற்குமேல் அவரே பேசினார்.

"உன் லைட்டா? அது எங்க நைனா தெரிஞ்சுது? கெளம்பனப்பவே தெர்ல. உங்கப்பன் வெச்ச சந்தனம் கீது பாரு, அது ரெண்டு பக்கமும் வட்டமா, என் வண்டி வெளிச்சம் பட்டு பளிச்சினு தெரிஞ்சுது. அதப் பாத்துகினேதான் வந்தேன். மழ வலுத்துதா, அது கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சிகினே போச்சு. அப்பால ஒண்ணும் தெர்ல, ஒரே இருட்டு. அந்தச் சந்தனம் மட்டும் இல்லனா முத திருப்பத்துலயே உன் மேல வந்து உட்டுருப்பேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

"ஊட்ல இவ இன்னாவோ சந்தனம் சந்தனம்னு சொல்லிகினே கீறா. நான் சொன்னா எங்க கேக்கறா. அத்த வுடு. உங்கப்பன் ஏன் வர்ல? ரெண்டு வருசமா வாசலப் பாத்துகினு கீறேன். செலவு எதுனா கேட்ருவேன்னு பயந்துட்டானா? நான் இன்னா பண்ணேன் அவன?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்டிக்கர் கடையிலிருந்து போரூர்க் குப்பைத்தொட்டி வரை.

"லைட்ட கறுப்பாக்குனியா? இன்னாத்துக்கு?"

"பார்க்க நல்லா இருக்கும்னு மாமா."

தன் காலைப் பார்த்தார். பிறகு, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது.

வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா இன்னும் வாசலில் ஈரத்துணியோடு இருந்தார். நின்றபடியே சொன்னேன். மாமா சந்தனத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார் என்பதை முதலில் சொன்னேன், அதைக் கேட்ட சந்தோஷத்தில் மற்றது கொஞ்சம் மன்னிக்கப்படும் என்று ஒரு கணக்கு. அந்த நேரத்திலும் எனக்குக் கணக்கு. பிறகு கறுப்புத் தாளைச் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் துணியை மெதுவாக மடித்துக் கம்பியில் போட்டார்.

"கம்பெனி ஃபிட்டிங்னு சொன்னியே."

"ஆமாப்பா."

"முப்பத்தாறு வருஷத்துல நான் கண்ணால பாக்காம ஒரு லைட்டைக்கூட பாஸ் பண்ணதில்ல. உன் வார்த்தையை நம்பி உன் வண்டியை மட்டும்தான்டா பாக்காம பாஸ் பண்ணேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு மாமா வீட்டுப் பக்கம் நடந்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் திரும்பி வந்தார். இப்போது தினமும் காலையில் ஃபிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு அங்கே போகிறார். மாமாவால் கடை வரைக்கும் நடக்க முடியாது. மாமாவின் மனைவி இவரோடு பேசுகிறார், என்னோடு பேசுவதில்லை. அதில் அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆயுத பூஜைக்கு அப்பா மறுபடி சந்தனம் குழைக்கிறார், மாமாவின் ஊன்றுகோலுக்குத்தான் முதல் பொட்டு.

என்னோடு அவர் பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், பேத்தியின் படிப்பை விசாரிக்கிறார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் நான் புறப்பட்டு வண்டியில் உட்கார்ந்ததும், படி இறங்கி வந்து காருக்குப் பின்னால் போய் நிற்கிறார்.

"பிரேக்கை அழுத்து."

"எல்லாம் எரியுதுப்பா. காலைலதான் பார்த்தேன்."

அவர் அதைக் காதில் வாங்குவதில்லை. நான் அழுத்துகிறேன். கண்ணாடியில் அவர் முகம் சிவப்பாகத் தெரிகிறது. இடது விளக்கைப் பார்க்கிறார், வலது விளக்கைப் பார்க்கிறார்.

"விட்டுட்டு மறுபடி அழுத்து" என்கிறார்.